கடைசியாக வெட்டும் மரை

எங்கள் குடியிருப்பின் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் பழைய ஜி.ஐ. குழாய் துருவேறி ஒழுகத் தொடங்கியிருந்தது. சரிசெய்ய வந்த பிளம்பர் தம்பி பிளாஸ்டிக் குழாயில் கைதேர்ந்தவர். கத்தரிக்கோல் போன்ற ஒரு கருவியால் நறுக்கி, பசை தடவி, இரண்டு நிமிடத்தில் ஒட்டிவிடுவார். ஆனால் இந்த ஓரிடத்தில் இரும்போடு இரும்பைத்தான் சேர்த்தாக வேண்டும் என்று, தொழில் கற்றுக்கொடுத்தவரிடமிருந்து குழாயில் மரை வெட்டும் ஒரு டை செட்டை இரவல் வாங்கி வந்திருந்தார். பைப் வைஸில் குழாயை இறுக்கி, டையை மாட்டி, எண்ணெய் விட்டு முதல் சுற்றுச் சுற்றியதும் அந்த வாசனை எழுந்தது. சூடேறிய எண்ணெயும் புதிதாய் வெட்டுப்பட்ட இரும்பும் கலந்த வாசனை. மாடிக்கு வேறு வேலையாகப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். கோவை ஆவாரம்பாளையத்தில் பெரியப்பா வைத்திருந்த லேத்துப் பட்டறையும், அதில் கழிந்த என் பள்ளி விடுமுறைகளும் அந்த ஒரு மூச்சில் திரும்பி வந்தன.

அந்நாளைய ஆவாரம்பாளையத்தில் நடந்து போனால் தெருவைக் கண்ணால் பார்க்காமலே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். கருகிய மணல் நெடி அடித்தால் பவுண்டரி. கீச்சென்ற இழுவைச் சத்தம் கேட்டால் லேத்து. வார்னிஷ் வாசனை வந்தால் மோட்டார் காயில் கட்டுகிற இடம். பைக்காரா மின்சாரம் 1930-களில் கோவைக்கு வந்த பிறகு மில்களும், மில்களுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறைகளும், கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும் பம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டியதைப் பெரியப்பா தன் வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். நான் சிறுவனாக இருந்தபோது ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பம்புதான்.

ஒரு பம்பு ஒரே கூரையின்கீழ் உருவாகிவிடாது. ஒரு தெருவில் வார்ப்பார்கள். அடுத்த தெருவில் கடைவார்கள். மூன்றாவது இடத்தில் துளை போட்டு மரை வெட்டுவார்கள். எங்கள் பட்டறை அந்த மூன்றாவது இடம். இரண்டு லேத்து, ஒரு பில்லர் டிரில், சுவரோரம் நீளமாக ஒரு மேஜை, அதில் இரண்டு வைஸ். கம்பெனிகளிலிருந்து பம்பு கேசிங் மாட்டுவண்டியிலும், பின்னாளில் மூன்று சக்கர டெம்போவிலும் வந்து இறங்கும். துளைபோட்டு மரைவெட்டி அனுப்புவது எங்கள் ஜாப். கூலி, உருப்படிக் கணக்கு.

மரை வெட்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார். ஊரார் எல்லாருக்கும் அவர் பிட்டர் அண்ணன். பெரியப்பாவைவிட மூத்தவர் என்பதால் பெரியப்பாவும் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். ஒரு மில்லின் பழுதுபார்க்கும் பிரிவில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் ஒரு துண்டு, காதிடுக்கில் பென்சில். நான் எண்ணெய்க் கேன் பிடிக்கிற பையன். விடுமுறை விட்டால் காலையிலேயே போய் அவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன்.

"கண்ணு, இந்தக் கேசிங்கில தண்ணி எங்கெங்க வெளிய வரப் பார்க்கும்னு சொல்லு" என்று கேட்பார். மேலே பிரைமிங் செய்யத் தண்ணீர் ஊற்றும் துளை, பக்கத்தில் பிரஷர் கேஜ் மாட்டும் துளை, அடியில் தண்ணீரை வடித்துவிடும் டிரெயின் துளை என்று நான் விரல் வைத்துக் காட்டுவேன். "அதுக்கெல்லாம் போல்ட்டு மரை ஆகாது. பைப்பு மரைதான் வேணும்" என்பார்.

பைப்பு மரையின் சூட்சுமத்தை அவரிடம்தான் கற்றேன். போல்ட்டு மரை தலை முதல் கடைசி வரை ஒரே பருமன். அதன் வேலை இழுத்துப் பிடிப்பது. தண்ணீர் கசியாமல் நிற்க வேண்டிய குழாய் மரை அப்படியில்லை. அது போகப்போகச் சிறுக்கும். 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் விட்டம் குறையும். ஆணும் பெண்ணும் அப்படிச் சரிவாக இருப்பதால், திருகத் திருக ஆப்பு இறங்குவதுபோல ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்ளும். எஞ்சிய நூலளவு இடுக்கைச் சணல் நாரும் வெள்ளை ஈயப் பசையும் அடைத்துக்கொள்ளும்.

இந்த மரைக்கு மூலவர் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த். 1841-ல் அவர் எல்லாப் பட்டறைக்கும் ஒரே மரை வேண்டும் என்று ஒரு முறையை முன்வைத்தார். அதுவரை ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. மரையின் பள்ளம் 55 டிகிரி என்று அவர் வகுத்த கோணம்தான் இன்றும் நம் வீட்டுக் குழாயில் இருக்கிறது. கால் இஞ்சுக் குழாய்க்கு ஓர் இஞ்சில் 19 மரை, அரை இஞ்சுக்கும் முக்கால் இஞ்சுக்கும் 14, ஒரு இஞ்சும் அதற்கு மேலும் 11. பிட்டர் அண்ணன் இதை வாய்ப்பாடாகவே சொல்லிக் கொடுத்தார். அரை இஞ்சுக் குழாயின் மேல் ஸ்கேலை வைத்தால் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் காட்டும். புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். அரை இஞ்சு என்பது தண்ணீர் போகும் உள்வழியை வைத்துப் பிறந்த பெயர், வெளிவிட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் விளக்குவார். அதனால்தான் அரை இஞ்சு மரைக்கு அரை இஞ்சைவிடப் பெரிய டிரில் போட வேண்டும்.

ஒருமுறை ஒரு மில்லிலிருந்து அமெரிக்க இயந்திரம் ஒன்றின் வால்வைக் கொண்டு வந்தார்கள். அரை இஞ்சு நிப்பிள் இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறுகிறது, பிறகு அடைத்துக்கொள்கிறது. ரெஞ்ச் போட்டு இறுக்கினாலும் தண்ணீர் கசிகிறது. மாற்றி மாற்றிப் புது நிப்பிள் போட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார்கள். பிட்டர் அண்ணன் பிட்ச் கேஜின் பல்லை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். எண்ணிக்கை 14-தான், சரியாகப் பொருந்துகிறது. ஆனால் பல்லின் பக்கவாட்டில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி. எண்ணிக்கை ஒத்துப்போவதால் கொஞ்ச தூரம் ஏமாற்றும், கோணம் வேறாக இருப்பதால் சேராது. "பலவந்தம் பண்ணினா வால்வுதானுங்க போகும்" என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு, ஒரு பக்கம் அந்த மரையும் மறுபக்கம் நம் மரையும் வெட்டிய ஒரு சிறு இணைப்பை லேத்தில் கடைந்து கொடுத்தார். இறுகுகிற இடத்தில் ஏன் இறுகுகிறது என்று நின்று பார்ப்பது அவருடைய குணம்.

அவர் டேப்படிப்பதை, அதாவது மரை வெட்டும் கருவியைத் துளைக்குள் திருகி இறக்குவதை, பார்ப்பது எனக்கு அலுக்காது. முதலில் துளையின் வாயை லேசாகச் சரிவாக்குவார். டேப்பை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒரு சுற்று. உடனே மூலைமட்டத்தை எடுத்து இரண்டு பக்கம் வைத்துப் பார்ப்பார். நேராக நின்றால்தான் ஹேண்டிலின் இரு முனையையும் பிடிப்பார். அதன்பின் அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வெட்டுப்பட்ட சுருள் முறிகிற சத்தம் அது. உருக்கில் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அடுத்த அரைச்சுற்றுப் போக மாட்டார். வார்ப்பிரும்பில் சுருள் வராது, கருந்தூள்தான் வரும். அதற்காக நடுநடுவே டேப்பைக் கழற்றி, கேசிங்கைக் கவிழ்த்து, மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டித் தூளை உதிர்ப்பார். வாயால் ஊதவிட மாட்டார், கண்ணுக்குள் போகும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், உருக்குக்கு விளக்கெண்ணெய், பித்தளைக்கு ஒன்றும் வேண்டாம் என்பது எங்கள் பட்டறையின் வழக்கம்.

சரிவான பைப்பு டேப்பு, போல்ட்டு டேப்பைவிடக் கடினமானது. போல்ட்டு டேப்பில் முனையிலுள்ள சில பற்கள்தான் வெட்டும், மற்றவை வெறுமனே பின்னால் வரும். பைப்பு டேப்போ கீழே இறங்க இறங்கப் பருத்துக்கொண்டே போவதால், உள்ளே போன எல்லாப் பற்களும் ஒருசேர வெட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பாரம் கூடும். "கையில தெரியும் பாரு. இறுகுதுன்னா நில்லு. நீ நிக்கலீன்னா அது உன்னைய நிறுத்திப்போடும்" என்பார்.

டேப்பு உடைவது என்றால் என்ன என்று அந்தப் பட்டறையை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். டேப்பு ஹைஸ்பீடு ஸ்டீலில் செய்தது. டிரில் பிட்டும் அதே உருக்குதான். உடைந்த துண்டைத் துளைபோட்டு எடுக்கலாம் என்று டிரில்லை இறக்கினால், அது துண்டின் மேல் வழுக்கி, பக்கத்திலுள்ள மெதுவான வார்ப்பிரும்பைத் தின்னும். துளை கோணலாகும், பிறகு அந்தக் கேசிங் பழைய இரும்புக் கடைக்குத்தான். பிடித்து இழுக்கவும் வழியில்லை, துண்டு பெரும்பாலும் துளையின் வாய்க்குக் கீழேதான் முறிந்திருக்கும். அதன் பற்கள் தாம் வெட்டிய மரையிலேயே நங்கூரம் போட்டிருக்கும்.

சூலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். என்னைவிடக் கொஞ்சம் பெரியவன், ஒல்லி, நல்ல உழைப்பாளி. ஒரு நாள் மதியத்துக்கு மேல் கேஜ் துளைக்குக் கால் இஞ்சு மரை அடித்துக்கொண்டிருந்தான். நான் எண்ணெய்க் கேனோடு எதிரே நின்றேன். பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. காய்ந்த சுள்ளி ஒடிகிற அளவுக்கு ஒரு சத்தம், ஹேண்டில் சட்டென்று லேசாகிவிட்டது. அவன் கையில் பாதி டேப்பு. முகத்தில் ரத்தமே இல்லை. கேசிங் கெட்டால் அதன் விலையைக் கம்பெனி எங்கள் கூலியில் பிடிக்கும். அது எத்தனையோ கேசிங்குக்கு மரை வெட்டிய கூலிக்குச் சமம் என்பது அவனுக்குத் தெரியும்.

பிட்டர் அண்ணன் எழுந்து வந்தார். துளையைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார். "கையை எடு சாமி. போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வா" என்றார். அவ்வளவுதான். பையன் நகரவில்லை. "போடா. பதறின கை அதைத் தொடக்கூடாது" என்று அனுப்பிவைத்தார்.

பையன் டீ குடித்துவிட்டு வந்த பிறகு வேலை தொடங்கியது. துளையில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, டேப்பின் நெடுகே ஓடும் வாய்க்கால்களில் அடைந்திருந்த தூளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். இந்த வேலைக்கே வெகுநேரம் பிடித்தது. "உள்ள அழுக்கை வெச்சுக்கிட்டுத் திருப்பினா அது நகராது" என்று பையனிடம் சொல்லிக்கொண்டே செய்தார். பிறகு 'பஞ்சு' என்று நாங்கள் சொல்லும் கூரான சின்ன உருக்கு உளி. அதை வாய்க்காலின் விளிம்பில் சாய்த்து வைத்து, இடப்புறமாக ஒரு தட்டு. எதிர் வாய்க்காலில் ஒரு தட்டு. பிறகு வலப்புறமாக. நகைப்பட்டறையில் தட்டுகிற அளவுக்கு மெல்லிய தட்டுத்தான். முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து, இறுகிக் கிடந்த துண்டுக்கு ஒரு மயிரிழை இடம் உண்டாக்கினார்.

பின்பு சைக்கிள் சக்கரக் கம்பியில் நாலு துண்டு நறுக்கி, நாலு வாய்க்காலிலும் ஒவ்வொன்றாக இறக்கினார். மேலே நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை, பையன் கையில் மிஞ்சிய பாதி டேப்பின் வாய்க்கால்களுக்குள் செருகி, ஒரு வளையத்தால் இறுக்கிப் பிடித்தார். உடைந்த டேப்புக்கே மறுபடி ஒரு கைப்பிடி வந்துவிட்டது. அதில் ஹேண்டிலை மாட்டிப் பையனின் கையில் கொடுத்தார். "நீயே திருப்பு. இடப்பக்கம். கம்பி முறுக்கிக்கும், பயப்படாதே. இறுகினா விட்டுரு, மறுபடி வா." கம்பிகள் முறுக்கிக்கொண்டன. பையன் விட்டான், மறுபடி பிடித்தான். கேசிங்குக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. துண்டு கால்சுற்று நகர்ந்தது. பிறகு அரைச்சுற்று. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் அது மேலே வந்து மேஜையில் விழுந்தது. மரையில் ஒரு பல்லும் கெடவில்லை.

டேப்பு ஏன் உடைந்தது என்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தார். துளை வாயின் ஓரத்தில் அரத்தை வைத்து உரசினார். ஒரு பக்கம் கடித்தது, மறுபக்கம் வழுக்கியது. வார்க்கும்போது ஓரம் மட்டும் சீக்கிரம் குளிர்ந்துபோனால் அந்த இடத்து இரும்பு வெள்ளையாகி, கண்ணாடிபோல் கெட்டிப்படும். 'சில்' அடித்திருக்கிறது என்பார்கள். "உன்ற தப்பு இல்லடா. ஆனா இறுகினப்ப நின்னிருந்தா இதை அப்பவே பார்த்திருக்கலாம்" என்றார். அந்த ஓரத்தைச் சாணைக்கல்லால் தேய்த்து எடுத்துவிட்டு, புது டேப்பால் மரையை முடித்தார்.

அன்று இரவு கை கழுவும்போது அவர் சொன்னதுதான் இத்தனை ஆண்டுகள் என்னோடு வந்திருக்கிறது. "இந்தக் கேசிங் நம்ம மேஜைக்கு வர்றதுக்கு முந்தி ஒரு ஆசாரி மரத்துல பேட்டர்ன் செஞ்சிருக்காரு. ஒருத்தன் மண்ணு அடைச்சிருக்கான். ஒருத்தன் கொதிக்கிற இரும்பைத் தூக்கி ஊத்தியிருக்கான். பிசிறு தட்டினவன், கடைஞ்சவன், துளை போட்டவன்னு எல்லாரும் அவங்கவங்க பங்கைச் செஞ்சு முடிச்சுட்டாங்க. மரை வெட்டறதுதான் கடைசி வேலை. நம்ம கையில ஒடைஞ்சா அவங்க அத்தனை பேரு வேலையும் ஒடைஞ்சு போகுது."

அது உண்மைதான். பெரும்பாலான உருப்படிகளில் மரை கடைசியில்தான் வெட்டப்படும். அதற்குள் அதன்மேல் ஏறியிருக்கும் உழைப்பு உச்சத்தில் இருக்கும். மரை வெட்டுகிறவன் அவசரப்படக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

பித்தளையில் உடைந்த டேப்பை அவர் வேறு விதமாக எடுப்பார். ஒரு கடிகாரக்காரர் சிறு பித்தளைப் பாகம் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்தார். அதில் பென்சில் முனையளவு கார்பன் ஸ்டீல் டேப்பு முறிந்து நின்றது. பஞ்சு வைக்கவும் இடமில்லை. பிட்டர் அண்ணன் என்னை நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பிப் படிகாரம் வாங்கி வரச் சொன்னார். முகம் மழித்த பிறகு தடவுகிற அதே படிகாரம். ஒரு பீங்கான் கிண்ணத்தில் சுடுதண்ணீர் விட்டு, கரையும் மட்டும் போட்டுக் கரைத்து, பாகத்தை அதில் அமிழ்த்தி, டீ அடுப்பின் ஓரத்தில் வெதுவெதுப்பாக வைத்தார். நான் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். உருக்குத் துண்டிலிருந்து மட்டும் குமிழ்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. பித்தளை சும்மா கிடந்தது. மறுநாள் காலை அந்த இடத்தில் ஒரு கறுப்புச் சேறுதான் இருந்தது. ஊசியால் தட்டியதும் உதிர்ந்துவிட்டது. உள்ளே மரை பளிச்சென்று தெரிந்தது. படிகாரக் கரைசல் இரும்பைத் தின்னும், பித்தளையையும் அலுமினியத்தையும் பெரிதாகத் தொடாது. இரும்புப் பாத்திரத்தில் மட்டும் அதை வைக்கக் கூடாது.

பிற்காலத்தில் கோவையில் ஸ்பார்க் மெஷின் வந்தது. உடைந்த டேப்பு எடுத்துத் தரப்படும் என்று பலகை மாட்டிய கடைகளும் வந்தன. முதன்முதலாக அதைப் பார்க்கப் போனபோது பிட்டர் அண்ணனும் கூட வந்தார். உருப்படியை எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தியிருந்தார்கள். மேலே ஒரு செம்புக் கம்பி, டேப்பின் நடுவுக்கு நேராக, தொடாமல் நின்றது. மின்சாரம் விட்டதும் இரண்டுக்கும் இடையில் பொறி பறந்து, எண்ணெய் பொரிகிற சத்தத்தோடு டேப்பின் நடுப்பகுதி பொடிப்பொடியாகக் கரைந்தது. பொறிக்கு உருக்கு எவ்வளவு கெட்டி என்பது ஒரு பொருட்டே இல்லை. நடு போனதும் வாய்க்கால்களுக்கு இடையே நின்ற பற்கள் தனித்தனிச் சில்லாகிவிட்டன. சிமிட்டாவால் பொறுக்கி எடுத்தார்கள். செம்புக் கம்பி துளையைவிடச் சிறியது என்பதால் மரையின் பக்கமே போகவில்லை. பிட்டர் அண்ணன் ஒவ்வொரு சில்லையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நல்ல வேலைங்க" என்று கடைக்காரரிடம் மனதாரச் சொன்னார்.

அந்த மெஷினின் கதையைப் பின்னாளில் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் நாட்டில் லாசரென்கோ தம்பதி, மின்தொடர்பு முனைகள் பொறியால் அரிக்கப்படுவதை எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அரிப்பையே வேலைக்குப் பயன்படுத்தலாமே என்று 1943-ல் திருப்பிப் போட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூன்று பொறியாளர்கள் அலுமினிய வார்ப்புகளில் உடைந்து நின்ற டிரில்லையும் டேப்பையும் எடுக்கத்தான் பொறியைக் கொண்டு இயங்கும் மெஷினைச் செய்தார்கள். இன்று அச்சுகளும் டைகளும் வெட்டித்தள்ளும் ஒரு பெரிய இயந்திர வகையே, யாரோ ஒரு தொழிலாளியின் கையில் முறிந்த டேப்பைக் காப்பாற்றப் போய்த்தான் அங்கே பிறந்திருக்கிறது.

பட்டறைக்கு வெளியே, தெருவிலும் மரை வெட்டுவது அந்நாளில் ஒரு காட்சி. ஒரு வீட்டுக்குச் சிறுவாணிக் குழாய் இணைப்பு கிடைத்தால் தெருவே கூடிவிடும். பிளம்பர் முக்காலியில் பைப் வைஸை நிறுத்துவார். 20 அடிக் குழாயை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, டை ஸ்டாக்கை மாட்டி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுற்றுவார்கள். வீட்டுப் பையனிடம் எண்ணெய்க் கேனைக் கொடுத்துவிடுவார்கள். அறுந்து விழும் சுருள்களைப் பிள்ளைகள் பொறுக்குவோம், சூடு விரலைச் சுடும். பிளம்பர் புது மரையில் சணலைச் சுற்றும் திசையைப் பெண்கள்கூடக் கவனித்துச் சொல்வார்கள். மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் திருகும்போது சணல் பிதுங்கி வெளியே வந்துவிடும். அதன்மேல் வெள்ளை ஈயம் பூசுவது அழகுக்கு இல்லை. மரை வெட்டும்போது குழாயின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு அறுந்துபோகிறது. குழாயின் கனமும் அங்கேதான் குறைகிறது. துரு முதலில் பிடிப்பதும் அந்த இடத்தைத்தான். எங்கள் மேல்தொட்டிக் குழாய் ஒழுகியதும் சரியாக ஒரு மரையின் ஓரத்தில்தான்.

ஆயுத பூஜை எங்கள் பட்டறையில் பொங்கலைவிடப் பெரிய நாள். முதல் நாளே லேத்துகளை மண்ணெண்ணெயால் துடைத்துப் பளபளப்பாக்குவோம். டேப்பு, டை, ரீமர் எல்லாவற்றையும் எண்ணெய் துடைத்து, அளவு வரிசையில் வாழையிலையில் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பிட்டர் அண்ணனின் தகரப் பெட்டி ஒன்றும் அந்த வரிசையில் வரும். அதில் உடைந்த டேப்புகள் இருக்கும். அவற்றை அவர் எறிய மாட்டார். சாணை பிடித்துச் சென்டர் பஞ்சாகவோ, கோடு கிழிக்கும் ஊசியாகவோ, லேத்தின் சிறு டூலாகவோ ஆக்கிவிடுவார். அன்றைக்கு உடைந்த அந்தக் கால் இஞ்சு டேப்பின் துண்டு ஒரு நல்ல பஞ்சாகி, சூலூர்ப் பையனின் பெயர் வெட்டப்பட்டு அவனுக்கே கிடைத்தது.

அந்தப் பையன் இப்போது கணபதியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். மகனும் கூட இருக்கிறார். சமீபத்தில் போயிருந்தேன். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் சி.என்.சி. மெஷின்கள் ஓடுகின்றன. ஸ்பிண்டிலின் சுழற்சியும் இறக்கமும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், நாங்கள் அரைநாள் போராடும் மரையைச் சில நொடிகளில் அடித்துவிட்டு டேப்பு மேலே வந்துவிடுகிறது. விலை உயர்ந்த உருப்படிகளுக்கு டேப்பே போடுவதில்லை. துளையைவிடச் சிறிய திரெட் மில் உள்ளே இறங்கி வட்டமிட்டு மரையை வெட்டுகிறது. அது உடைந்தால்கூடத் துளையில் மாட்டிக்கொள்ளாது. பிட்டர் அண்ணன் சொன்ன கடைசி வேலையின் பயத்தைப் பாதி தீர்த்துவைத்த கருவி அது. அவர் இருந்திருந்தால் இதையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருப்பார்.

"இருந்தாலும் புதுசா வர்ற பசங்க மொதல்ல கையில டேப்படிக்கணும்னு வெச்சிருக்கேனுங்க" என்றார் அவர். "மெஷின் ஸ்கிரீன்ல லோடுன்னு ஒரு நம்பர் ஏறுது. அது ஏறுனா என்ன அர்த்தம்னு கையில இறுக்கத்தைப் பார்த்தவனுக்குத்தான் புரியுது. மத்தவன் அதை நம்பராத்தான் பார்க்கறான்." ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட பிட்டர் பயிற்சி முடித்து வந்த ஒரு பிள்ளை அப்போது மேஜையோரம் நின்று அரை இஞ்சு மரை அடித்துக்கொண்டிருந்தது. அரைச்சுற்று, கால்சுற்று. அந்தப் பிள்ளையின் கணுக்கையை அவர் லேசாகத் தொட்டு, ஹேண்டிலின் இரண்டு முனைக்கும் பாரம் சமமாகப் போகும்படி மாற்றிவிட்டார். பிட்டர் அண்ணன் எங்கள் கையைத் தொட்டுத் திருத்திய அதே விதம்.

கைவேலை போய்விட்டதே என்று நான் வருந்தவில்லை. கேசிங்குகள் வீணாகாமல் போவது நல்லது, பையன்கள் பயந்து நடுங்காமல் வேலை பழகுவது அதைவிட நல்லது. ஆனால் இறுகுகிற இடத்தில் நிற்கத் தெரிவதும், தனக்கு முன் உழைத்தவர்களின் உழைப்பைத் தன் கையில் தாங்கியிருக்கிறோம் என்ற நினைப்பும் மெஷினோடு சேர்ந்து வந்துவிடாது. ஒருவர் இன்னொருவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார். பிட்டர் அண்ணன் சொல்லும் முறையை மேஜைக்கு மேலே எழுதி மாட்ட வேண்டும், நீங்களும் கூட நின்றவர்தானே, எழுதிக் கொடுங்கள் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்:

துளை அளவைச் சரிபார். டேப்பு நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் மூலைமட்டம் வைத்துப் பார். உலோகத்துக்கு ஏற்ற எண்ணெய் விடு. அரைச்சுற்றுப் போ, கால்சுற்றுத் திரும்பு. தூளை வெளியே எடு. இறுகினால் நின்று காரணம் பார். உடைந்தால் கையை எடுத்துவிட்டு மூத்தவரைக் கூப்பிடு. மூத்தவர் முதலில் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.